மைதானத்து வாத்தியார் பதில்கள்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், பள்ளிக் கபடி அணியில் ரைடர், எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன். குறுவட்டப் போட்டிக்கு முதல் நாள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்டோம். வெள்ளைப் பூவே வந்தது. ஆனால் அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். கடைசி ரைடு போய்ப் பிடிபட்டவன் இவன்தான். கூட ஆடிய பையன்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘சாமி பொய் சொல்லிருச்சு’ என்று திருநீறு பூசுவதையும் விட்டுவிட்டான். மைதானம் பக்கமே போவதில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
- ஒரு தாய், சென்னிமலை

பதில்: வெசனப்படாதீங்க அம்மிணி. முதலில் பூ விஷயம். கிணறு வெட்ட, காடு வாங்க, கல்யாணம் பேச என்று பூ கேட்டு நடக்கிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் பிள்ளைகள் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டுப் பூ வைக்க வேண்டாம். எதிரணிப் பையனின் அம்மாவும் அன்றைக்கு ஏதோ ஒரு சன்னிதியில் விளக்குப் போட்டிருப்பார். மகனிடம் நேராகவே சொல்லுங்கள்: “நாங்க கேட்டதுதான் தப்பு கண்ணு, சாமி மேல தப்பில்ல.”

பேசாத பையன்கள்தான் எனக்குப் பெரிய கவலை. ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம், இதே மாதிரி ஒரு தோல்விக்குப் பிறகு, பிடிபட்ட பையனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி “ஏன்டா அவசரப்பட்டே?” என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. முழங்கால் சிராய்ப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் தட்டிக்கொண்டே நின்றான். மறுநாளிலிருந்து அவன் மைதானத்துக்கு வரவே இல்லை. நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. இன்றைக்கும் அந்த முழங்கால் கண்ணில் நிற்கிறது.

கபடியில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. அவுட் ஆனவன் களத்துக்கு வெளியே போய் வரிசையில் உட்கார வேண்டும். தானாக எழுந்து வர முடியாது. நம் ஆட்கள் எதிரணியில் ஒருவனை அவுட் ஆக்கினால், நம்மில் முதலில் வெளியே போனவன் முதலில் உள்ளே வருவான். ரைடர் எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டிப் போனஸ் புள்ளி எடுத்தால் கணக்கில் ஏறும், ஆனால் ஆள் உள்ளே வர முடியாது. ஆக, உட்கார்ந்திருப்பவன் செய்யக்கூடியது உள்ளே ஆடுகிறவர்களை நம்பிக் காத்திருப்பது ஒன்றுதான். உங்கள் மகன் இப்போது அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை உள்ளே கொண்டுவர வேண்டியவர்கள் மற்ற ஆறு பேர். இதை அந்த ஆறு பேருக்கும் உடற்கல்வி ஆசிரியர் சொல்ல வேண்டும். தயங்காமல் போய் அவரைப் பாருங்கள். முதல் நிமிஷத்தில் விட்ட புள்ளியும் கடைசி நிமிஷத்தில் விட்ட புள்ளியும் ஒரே கணக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மகனுக்கு இன்னொன்று சொல்லலாம். 1990 பெய்ஜிங்கிலிருந்து ஏழு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து தங்கம் வாங்கிய இந்திய ஆண்கள் அணி, 2018-ல் ஜகார்த்தாவில் ஈரானிடம் தோற்றது. அதுவும் அரையிறுதிதான். 2023-ல் ஹாங்சோவில் அதே ஈரானை இறுதியில் வென்று தங்கத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போதும். ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். திருநீற்றுக்கும் அவசரப்படுத்த வேண்டாம். தட்டு எப்போதும் வைக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் அணியில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் சேர்ந்து எப்படிப் பிரார்த்திப்பது?
- ஒரு பயிற்சியாளர், பெருந்துறை

பதில்: நான் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வைப்பேன். அவரவர் சாமியை அவரவர் கும்பிடட்டும். பிறகு ஏழு பேரும், ரைடரை மடக்கக் கை கோத்துச் செயின் போட்டுப் பிடிப்போமே, அதே மாதிரி மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, “யாருக்கும் அடிபடக் கூடாது” என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அந்த ‘யாருக்கும்’ எதிரணியையும் சேர்த்துத்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.