மேலக்காற்று நாட்களில் கடலும் மீனும்: கேள்வி-பதில்

பஞ்சாங்கம் ஆவணியைக் கார்காலத்தின் தொடக்கமாகக் கணக்கிட்டாலும், சோழமண்டலக் கரைக்கு அது கோடையின் வால்தான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை இங்கே வெயிலும் முற்றிலும் தணிவதில்லை, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் மேலக்காற்றும் ஓய்வதில்லை. இம்முறை வந்த கேள்விகளில் பல "மீன் எங்கே போயிற்று" என்று தொடங்குகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றிய கேள்விகள் என்பதைக் கேட்டவர்களே அறிந்திருக்க மாட்டார்கள்.

கோவளம் கரையில் நின்று தூண்டில் போடுகிறேன். ஆடியில் காலையில் குளம்போல் கிடக்கும் கடல், பிற்பகலில் கொந்தளிக்கிறது. எந்த நேரம் நல்லது? கயாக்கில் சற்று உள்ளே போகலாமா?

சென்னை முதல் மாமல்லபுரம் வரையுள்ள கரை கிழக்கு நோக்கியது. ஆகவே இரவிலும் விடியலிலும் வீசும் மேலக்காற்று, தரையிலிருந்து கடலை நோக்கிச் சென்று கரையோர அலைகளை அமுக்கிவிடுகிறது. பகலில் தரை சூடேறியதும், பெரும்பாலும் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையே, கடற்காற்று எதிர்த்திசையில் நுழைகிறது. மேலக்காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகவே நுழையும். ஊருக்குள் இருப்பவர்கள் புழுங்கித் தவிக்கும் அதே நாட்களில்தான் கரையில் நிற்பவருக்குக் காலைப் பொழுது நீண்டு கிடைக்கிறது.

அலை அமுங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும் விடியலில் கிழங்கானும் சிறு பாரையும் கரையோரம் இரை தேடும். கிழங்கானுக்கு மணற்புழுவோ உரித்த இறால் துண்டோ போதும். ஆனால் தெளிந்த நீரில் தடித்த தூண்டில் நரம்பும் பெரிய முள்ளும் அதை விரட்டிவிடும் என்பதால், மெல்லிய நரம்பும் சிறு ஈயமும் வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று ஏறி நீர் கலங்கிய பிறகு கிழங்கானுக்காகக் காத்திருப்பது வீண். அப்போது கலங்கல் நீரில் இரை தேடப் பழகிய காலாவுக்கும் கெளுத்திக்கும் வாய்ப்பு அதிகம். அவற்றுக்கு இரையின் வாசனைதான் முக்கியம், நரம்பின் தடிமன் அல்ல.

கயாக் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் பாதுகாப்பானது என்று நினைக்கும் அந்தக் காலைக் கடல்தான் உண்மையில் ஆபத்தானது. கரையிலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும் நீரில் காற்று உங்களைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது முழு வழியும் எதிர்க்காற்றில் துடுப்புப் போட வேண்டியிருக்கும். பாய்மரம் கட்டிய கட்டுமரக்காரர்கள் இதே காற்றில் விடியுமுன் வெளியேறி, பிற்பகல் கடற்காற்றில் கரைக்குத் திரும்பினார்கள். அவர்களிடம் பாய் இருந்தது, உங்களிடம் இரண்டு கைகள் மட்டுமே இருக்கின்றன. உயிர்காப்பு அங்கியும் துணைக்கு இன்னொரு படகும் இல்லாமல் ஆடியில் கயாக்கில் போக வேண்டாம்.

புதுச்சேரிக்குத் தெற்கே ஃபைபர் படகில் தொழில் செய்கிறோம். ஆடியில் ஒரு வாரம் தண்ணீர் திடீரெனக் குளிர்ந்தது, வலையில் ஒன்றுமே இல்லை. அடுத்த வாரம் நெத்திலியும் சாளையும் குவிந்தன. இது எதனால்?

இவ்வாண்டு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தென்மேற்குக் காற்று கரைக்கு ஏறத்தாழ இணையாகப் பல நாட்கள் தொடர்ந்து வீசும்போது, கடலின் மேல்நீர் காற்றுப் போகும் திசையிலேயே போவதில்லை. பூமி சுழல்வதன் விளைவாக, நம்முடைய வட அரைக்கோளத்தில் அது காற்றின் வலப்பக்கமாக விலகுகிறது. கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்றுக்கு வலப்பக்கம் என்பது ஆழ்கடல். மேல்நீர் வெளியேறிய இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. குமரிமுனைக்கு மேற்கே, கேரளக் கரையில், இதே மாதங்களில் இன்னும் வலுவாக நடப்பதும் இந்த மேலெழுச்சிதான்.

அடியிலிருந்து வரும் நீரில் குளிர்ச்சி மட்டுமல்ல, ஆக்சிஜன் குறைவும் உண்டு. எனவே முதல் சில நாட்களில் மீன்கள் அந்தப் பட்டையை விட்டு விலகிவிடும். நீங்கள் வெறும் வலையை இழுத்தது அப்போதுதான். ஆனால் அதே நீர் அடியில் சேர்ந்திருந்த உரச்சத்தையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. வெயில் பட்டதும் நுண்பாசிகள் பெருகுகின்றன, அவற்றை உண்ணும் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன, பிறகு நெத்திலியும் சாளையும் வருகின்றன, அவற்றின் பின்னால் சீலாவும் சூரையும் வஞ்சிரமும் வருகின்றன. கடல் குளிர்ந்த நாளுக்கும் வலை நிறைந்த நாளுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளி, இந்தச் சங்கிலி முழுமை பெற எடுத்துக்கொள்ளும் நேரம்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் மீன்வள மண்டல அறிவிப்பும் இதே அடிப்படையில்தான் அமைகிறது. செயற்கைக்கோள் வழியே நீரின் மேற்பரப்பு வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் பார்த்து, குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் கோடுகளைக் குறித்துத் தருகிறார்கள். மேகம் மூடிய நாட்களில் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது என்பதால், ஆவணியில் அறிவிப்பு விட்டு விட்டுத்தான் வரும். அந்த நாட்களில் கையை நீரில் விட்டுப் பார்ப்பதும், நீர் நிறம் மாறும் விளிம்பைத் தேடுவதும், பறவைகள் எங்கே இறங்குகின்றன என்று கவனிப்பதும் பழைய முறைகள் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. விளிம்பைக் கண்டால் அதன் குளிர்ந்த பக்கத்துக்குள் ஆழமாகப் போகாமல், விளிம்பை ஒட்டியே வலை விடுங்கள்.

இராமேசுவரத்துக்கு ஆவணியில் வருகிறோம். தூண்டில் போட எந்தப் பக்கக் கடல் சரியாக இருக்கும்?

அந்தத் தீவின் மக்கள் இதற்குப் பெயரிலேயே விடை வைத்திருக்கிறார்கள். தெற்கே உள்ள மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். காற்றுக்கேற்ப ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படகுகளை மாற்றிக்கொள்வது பாம்பன், மண்டபம் பகுதிகளில் வழக்கம். ஆகவே ஆவணியில் வடகடல்தான் உங்களுக்கு உரியது. அது ஆழம் குறைந்த, கடற்புல் நிறைந்த கடல். ஓராவும் விளமீனும் நண்டும் எதிர்பார்க்கலாம். ஓராவின் முதுகு முட்கள் நஞ்சுடையவை, வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

தென்பக்கம் காற்று அடங்கிய ஒரு நாளில் படகு கிடைத்தாலும், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே தூண்டிலுக்கும் அனுமதி இல்லை. "யாரும் பார்க்க மாட்டார்கள், பவளப்பார் அருகே கொண்டுபோய் விடுகிறேன்" என்று அழைப்பவர்களை நம்பிப் போக வேண்டாம்.

பெசன்ட் நகரில் 2019-இல் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பார்த்தோம். அதுபோல் மீண்டும் நிகழ்ந்தால் அங்கே பிடித்த மீனை உண்ணலாமா?

அந்த ஆண்டு ஆகஸ்ட் 18 இரவில் நீங்கள் கண்டது நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் உயிரி. அலை உடையும்போது ஏற்படும் அதிர்ச்சியில் அது ஒளிர்கிறது. மீன் வழியாக மனிதரைக் கொல்லும் நஞ்சு எதையும் அது உண்டாக்குவதாக அறியப்படவில்லை. ஆனால் பெருந்திரளாகப் பெருகினால் அம்மோனியா சேரும், அழுகும்போது நீரின் ஆக்சிஜன் தீரும், மீன் மூச்சடைத்துச் சாகும். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாக மாறி, மண்டபம் பக்கத்தில் மீன்கள் செத்து ஒதுங்கியதற்கும் இந்த உயிரியின் பச்சை வகைதான் காரணம். துள்ளிக்கொண்டு தூண்டிலில் வந்த மீனை உண்பதில் தடையில்லை. கரையில் ஒதுங்கியதையும், நீரின் மேல் மயங்கி மிதப்பதையும் அள்ளாதீர்கள். எத்தனை மணி நேரமாக அப்படிக் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

முட்டுக்காடு முகத்துவாரத்தில் பெரிய கொடுவாவுக்காக ஆவணி முழுவதும் முயன்றும் கிடைக்கவில்லை.

முகத்துவாரம் திறந்திருந்ததா என்று முதலில் பாருங்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. ஆற்றில் நீர் வரத்து இல்லாத இந்த மாதங்களில் அடையாறு, முட்டுக்காடு போன்ற சிறு முகத்துவாரங்களை அந்த மணல் மேடிட்டு அடைத்துவிடும், அல்லது முழங்கால் ஆழத்துக்குச் சுருக்கிவிடும். கொடுவா உப்பங்கழியில் வளர்ந்து, முட்டையிடக் கடல் முகத்துக்கு இறங்கும் மீன். வழி அடைந்திருக்கும்போது அது மேட்டின் உட்புறத்தில் ஆழமான மடுவில் தங்கியிருக்கும். ஆகவே கடல் பக்கம் நின்று எறிவதை விட்டு, உட்புறத்தில் பாலத் தூண்களின் நிழலிலும் பாறை ஓரங்களிலும், உயிருள்ள மடவைக் குஞ்சை இரையாக வைத்து, மாலை மங்கும் நேரத்தில் முயலுங்கள். வடகிழக்கு மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொள்ளும் நாட்கள் உங்கள் ஆவணியைவிட எவ்வளவோ மேலானவை.

இன்னொன்று. கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். 80 செ.மீ. தாண்டியவை பெரும்பாலும் பெண் மீன்களே. படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் அந்தப் பெரிய மீனைப் படம் எடுத்த பிறகு திருப்பி விடுவதே நல்லது என்பது என் கருத்து. சமையலுக்கு இரண்டு கிலோ மீனே சுவையானது.

தடைக்காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகியும் வஞ்சிரம் ஏன் சிறிதாகவே வருகிறது?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை, விசைப்படகுகளை நிறுத்தி வைக்கிறது. 2017-க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. தடை முடிந்த முதல் வாரங்களில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் இறங்கி, சேர்ந்திருந்ததை வாரிவிடுகின்றன. ஆடிக்குப் பிறகு கிடைப்பது அந்தந்த வாரத்து வரத்துதான். வஞ்சிரம் முதன்முதலாக முட்டையிடுவது சுமார் 70 செ.மீ. நீளத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையில். சந்தையில் ஒரு கிலோ எடையுள்ள முழு வஞ்சிரத்தைக் குழம்புக்கு வாங்கும்போது, ஒருமுறையும் முட்டையிடாத மீனை வாங்குகிறோம். தடைக்காலத்தை இன்னும் நீட்டுவதைவிடச் சிறு மீனைப் பிடிக்காதிருப்பது அதிகப் பயன் தரும் என்று நான் நினைக்கிறேன்; வலைக் கண்ணின் அளவில் கை வைக்காமல் அது நடக்காது.

பௌர்ணமியில் போவதா, அமாவாசையில் போவதா?

இரண்டிலும் நீரேற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும், முகத்துவாரத்தில் தூண்டில் போடுபவருக்கு இரண்டும் நல்லவை. இரவில் செவுள்வலை விடுபவர் அமாவாசையைத் தேர்ந்தெடுப்பார், ஏனெனில் நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுகொள்ளும். பாக் நீரிணையில் ஏற்ற இறக்கமே சிறியது என்பதால் அங்கே இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

படகில் பிடித்த சூரையை வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் மூவருக்கும் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. மீன் ஒவ்வாமையா?

மூவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்புக் குறைவு. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற கருந்தசை மீன்களின் உடலில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் அதிகம். செத்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை, ஒவ்வாமை போன்ற இந்த அறிகுறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமினை வேகவைத்தாலும் பொரித்தாலும் பிறகு உறையவைத்தாலும் நீக்க முடியாது. மீன் பார்வைக்கும் மோப்பத்துக்கும் கெடாததாகவே தோன்றலாம். நாக்கில் மிளகுபோல் சுருக்கென்று உறைத்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும், ஆனால் மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆவணி வெயிலில் படகின் அடித்தட்டில் கிடக்கும் மீனுக்குச் சில மணி நேரமே போதும். பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸில் புதைத்து வையுங்கள். உருகும் நீர் வடிவதற்குப் பெட்டியின் அடியில் துளை இருக்கட்டும். ஐந்து கிலோ ஐஸுடன் கிளம்பினால் ஐந்து கிலோ மீன் வரை பிடித்துவிட்டுத் திரும்புங்கள்.

கெளுத்தி முள் குத்தினால்?

தாங்கக்கூடிய அளவு சூடான, 45 டிகிரிக்கு மேற்படாத நீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள், வலி குறையும். சூட்டை வலியற்ற மற்றக் கையால் சோதித்துப் பாருங்கள், ஏனெனில் குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் ஒடிந்து உள்ளே இருந்தாலும், காயம் ஆழமாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.