அறிமுக இயலில் ஆய்வுச் சிக்கல் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி மாணவர்கள் பாடங்களைத் திரையில் படிப்பதையும் தாளில் படிப்பதையும் ஒப்பிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அறிமுக இயலை 42 பக்கம் எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "இதில் ஆய்வுச் சிக்கல் எங்கே?" என்று கடைசிப் பக்கத்தில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைப்பு இருக்கிறது, பின்புலம் இருக்கிறது, நோக்கங்கள் ஏழு இருக்கின்றன. இதற்கு மேல் அவர் கேட்பது என்ன?

பதில்: எது தெரியாததால் நீங்கள் இந்த ஆய்வில் இறங்கினீர்கள் என்று கேட்கிறார். 'திரை வாசிப்பும் தாள் வாசிப்பும்' என்பது தலைப்பு; அதை ஒருவர் ஏற்கவோ மறுக்கவோ இடமில்லை. ஆய்வுச் சிக்கல் என்று சொல்வதற்கு இரண்டு செய்திகள் வேண்டும். நமக்குத் தெரியாத ஒன்றோ, தெரிந்தவற்றுக்குள்ளேயே ஒன்றோடொன்று முரண்படும் ஒன்றோ இருக்க வேண்டும். அது அப்படியே கிடப்பதால் யாருக்கு என்ன இழப்பு என்பதும் சொல்லப்பட வேண்டும். முதற்செய்தியை அரைகுறையாகவாவது எழுதிவிடுகிற ஆய்வாளர்கள் இரண்டாவதைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். "இன்றைய உலகில் தகவல் தொழில்நுட்பம் மனித வாழ்வின் எல்லாத் துறைகளிலும் ஊடுருவியுள்ளது" என்று தொடங்குகிறீர்கள். பிறகு எழுத்து தோன்றிய வரலாறு, அச்சு, கணினி, கைப்பேசி என்று பதினெட்டுப் பக்கங்கள் ஓடுகின்றன. அந்த முதல் வாக்கியத்தை வேளாண்மை பற்றிய ஆய்வேட்டிலும் வங்கியியல் பற்றிய ஆய்வேட்டிலும் ஓர் எழுத்தும் மாற்றாமல் வைக்கலாம். எல்லா ஆய்வுக்கும் பொருந்துகிற வாக்கியத்தால் உங்கள் ஆய்வுக்குப் பயனில்லை. ஆனால் 31ஆம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. நீங்கள் தொகுத்த ஒப்பீட்டு ஆய்வுகள், இந்த வயது மாணவர்களைப் பொறுத்தவரை, படித்து முடித்தவுடனேயே தேர்வு வைத்துப் புரிதலை அளந்திருக்கின்றன. சில நாள் கழித்து எவ்வளவு நினைவில் நிற்கிறது என்று அளக்கவில்லை என அதில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நெறியாளர் தேடியது அந்த அடிக்குறிப்பைத்தான். வேறு எவரேனும் அளந்திருக்கிறார்களா என்று இன்னொரு முறை தேடி உறுதி செய்துகொண்டு, முதற்பத்தியை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"ஒரு பாடத்தைத் திரையில் படித்த மாணவரும் தாளில் படித்த மாணவரும் படித்து முடித்த உடனே எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அளக்கப்பட்டிருக்கிறது, ஒரு வாரம் கழிந்தபின் அவர்களிடம் எவ்வளவு எஞ்சுகிறது என்பது அளக்கப்படவில்லை. பாடநூலைத் திரைக்கு மாற்றலாமா என்று முடிவெடுப்பவர்களுக்குத் தேவைப்படுவதோ இந்த இரண்டாவது அளவு."

தெரிந்தது, தெரியாதது, அதனால் வரும் இழப்பு மூன்றும் இரண்டு வாக்கியங்களில் வந்துவிட்டன. இனிப் பின்புலம் என்று எதைச் சேர்த்தாலும், இந்த இரண்டு வாக்கியங்களைப் புரிந்துகொள்ள அது தேவைதானா என்று மட்டும் கேளுங்கள். எழுத்து தோன்றிய வரலாறு தேவைப்படாது. நோக்கங்கள் ஏழும் தேவைப்படா. அவற்றுள் நான்கு, ஆய்வின்போது நீங்கள் செய்யப்போகும் வேலைகளின் பட்டியல்தான்.

மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ், ஆய்வுக் கட்டுரைகளின் அறிமுகப் பகுதிகளை ஆராய்ந்து, 1990இல் அவற்றின் பொது அமைப்பை மூன்று நகர்வுகளாக வகுத்துக் காட்டினார்: களத்தை நிறுவுவது, அந்தக் களத்தில் ஒரு வெற்றிடத்தைக் காட்டுவது, அதில் தம் ஆய்வைப் பொருத்துவது. நீங்கள் முதல் நகர்வுக்கு 40 பக்கம் கொடுத்து, மூன்றாவதற்கு இரண்டு பக்கம் கொடுத்து, நடுவில் உள்ளதை அடிக்குறிப்பில் வைத்துவிட்டீர்கள்.

கேள்வி: "இந்தப் பொருளில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை" என்று எழுதினால் ஆய்வு இடைவெளியைக் காட்டியதாகிவிடாதா?

பதில்: ஆகாது. யாரும் செய்யாத காரியங்கள் உலகில் எண்ணற்றவை. அவற்றுள் பல, செய்யத் தேவையில்லாததால் செய்யப்படாதவை. தவிரவும், அந்த வாக்கியத்தைச் சாய்க்கத் தேர்வாளருக்கு ஒரே ஒரு கட்டுரை போதும். எந்தத் தரவுத்தளங்களில், எந்தச் சொற்களைக் கொண்டு, எந்த ஆண்டு வரை தேடினீர்கள் என்று சொல்லி, அந்த அளவுக்குள் உங்கள் கூற்றை நிறுத்துவது பாதுகாப்பானது, நேர்மையும்கூட.

இடைவெளி என்றால் வெற்றுப் பரப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்ட விடை பிழையாக இருக்கலாம், அல்லது ஒரே நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

டி.என்.ஏ.வின் கட்டமைப்பைக் கண்டறிந்த வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சற்றே கூடுதலானது. டி.என்.ஏ.வின் உப்புக்கு ஒரு கட்டமைப்பை முன்மொழிய விரும்புகிறோம் என்று தொடங்கி, உடனே வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியும் முன்வைத்த மூன்று இழை அமைப்பை எடுத்துக்கொள்கிறது. அது ஏற்கத்தக்கதன்று என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்கிறது: எக்ஸ் கதிர்ப் படங்களைத் தரும் பொருள் டி.என்.ஏ.வின் அமில வடிவம் அன்று, உப்பு வடிவமே என்று கட்டுரையாசிரியர்கள் கருதுகிறார்கள், உப்பில் அமில ஹைட்ரஜன் அணுக்கள் இல்லாதபோது, அமைப்பின் நடு அச்சுக்கு அருகில் உள்ள எதிர்மின்னேற்றப் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்குமாதலால் அந்த அமைப்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் விசை எதுவென்று தெரியவில்லை என்பது முதற்காரணம், சில அணுக்களுக்கு இடையிலான தொலைவுகள் மிகச் சிறியவையாக உள்ளன என்பது இரண்டாவது. பிரேசர் என்பவரின் இன்னொரு மூன்று இழை அமைப்பு தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்று கூறி, அதைப் பற்றி மேலே பேசாமல் விட்டுவிடுகிறது. யாரும் செய்யவில்லை என்ற பேச்சே இல்லை. செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விடை ஏன் நிற்காது என்று குறித்துச் சொல்லிவிட்டுத் தம் விடைக்கு வருகிறார்கள்.

மற்றொன்று, இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றி ஐன்ஸ்டீன் 1905இல் எழுதிய கட்டுரை. காந்தம் அசைந்து கம்பி நிலையாக இருந்தாலும், கம்பி அசைந்து காந்தம் நிலையாக இருந்தாலும், இரண்டுக்கும் இடையிலான சார்பு இயக்கம் ஒன்றேயானால், கம்பியில் தோன்றும் மின்னோட்டமும் ஒன்றே. ஆனால் அன்றைய கோட்பாடு அதற்கு இரண்டு வேறு விளக்கங்களைத் தந்தது. நிகழ்வில் இல்லாத வேறுபாடு கோட்பாட்டில் ஏன் இருக்கிறது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல், அதுவும் முதற்பத்தியிலேயே. (அந்தக் கட்டுரையில் மேற்கோள் நூல் எதுவும் சுட்டப்படவில்லை. அந்த ஒன்றை மட்டும் பின்பற்றிவிடாதீர்கள்.)

கேள்வி: நோக்கம், ஆய்வு வினா, கருதுகோள் மூன்றையும் ஒரே செய்தியை மாற்றி மாற்றி எழுதுவதாகவே உணர்கிறேன். மூன்றும் கட்டாயமா?

பதில்: நீங்கள் உணர்வது பல ஆய்வேடுகளைப் பொறுத்தவரை உண்மையே. வினா, நமக்குத் தெரியாததைக் கேட்கிறது. நோக்கம், அதற்கு விடை காண என்ன செய்யப்போகிறோம் என்கிறது. கருதுகோள், விடை இதுவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அது பொய்த்துப் போவதற்கும் இடம் வைக்கிறது. முதற்கேள்வியில் பார்த்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். "திரை வாசிப்பு மாணவர்களைப் பாதிக்கிறது" என்பது கருதுகோள் ஆகாது. எதை, எந்த அளவில், எதோடு ஒப்பிட்டு என்று எதுவும் இல்லாததால் எந்த முடிவு வந்தாலும் அது மெய்யென்று காட்டிவிடலாம். "ஒரு வாரம் கழித்து நடத்தும் தேர்வில், தாளில் படித்தவர்களின் சராசரி மதிப்பெண் திரையில் படித்தவர்களின் சராசரியைவிட மிகுந்திருக்கும்" என்றால் அது தோற்கக்கூடும், ஆகவே கருதுகோள்.

எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் வேண்டும் என்பதில்லை. ஆவணங்களைக் கொண்டு ஒரு காலத்தை மீட்டுருவாக்கும் வரலாற்று ஆய்வுக்கும், மக்கள் தம் அனுபவத்தை எப்படிப் பொருள்கொள்கிறார்கள் என்று நேர்காணல்வழி அறியும் பண்புசார் ஆய்வுக்கும் தெளிவான வினா போதும். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது என்பதற்காக, நேர்காணல் ஆய்வில் ஒரு செயற்கையான கருதுகோளை எழுதி, கடைசி இயலில் அது மெய்ப்பிக்கப்பட்டது என்று அறிவிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஆய்வு எல்லையும் ஆய்வின் குறைபாடும் ஒன்றா?

பதில்: இல்லை. எல்லை என்பது நீங்களே தேர்ந்து போட்ட கோடு: 11 முதல் 13 வயது வரை உள்ளவர்கள், விளக்க உரைநடை மட்டும், கதை இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும்; 'நேரமின்மை' காரணமாகாது. குறைபாடு என்பது நீங்கள் விரும்பாமலே வந்து சேர்ந்தது: ஒரு வாரம் கழித்து நடத்திய தேர்வுக்குச் சில மாணவர்கள் வராமல் போனது போல. எல்லை அறிமுக இயலுக்கு உரியது. குறைபாட்டைப் பெரும்பாலும் முடிவுகளை விவாதிக்கும் இடத்தில் சொல்வது பொருந்தும்.

கேள்வி: அறிமுக இயலை முதலில் எழுத வேண்டுமா, கடைசியிலா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்.

பதில்: இருமுறை எழுத வேண்டும். தரவு திரட்டுவதற்கு முன் சிக்கல், வினா, கருதுகோள், எல்லை, ஒவ்வொரு வினாவுக்கும் எந்தத் தரவு விடை தரும் என்ற குறிப்பு ஆகியவற்றை நான்கைந்து பக்கங்களில் எழுதிவிடுங்கள். எந்த வினாவுக்கு எதிரே தரவு எழுத முடியவில்லையோ அந்த வினாவை அன்றே நீக்கிவிடலாம். மற்ற இயல்கள் முடிந்தபின் அறிமுகத்தை வாசகருக்காகத் திருத்தி எழுதுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உயிரியலாளர் பீட்டர் மெடாவர், ஆய்வுக் கட்டுரையின் வடிவமே ஆய்வாளரின் சிந்தனை நடந்த விதத்தைத் திரித்துக் காட்டுகிறது என்று 1963இல் ஒரு வானொலி உரையில் குற்றஞ்சாட்டினார். சமூக உளவியலாளர் நார்பர்ட் கெர், முடிவு தெரிந்தபின் உருவாக்கிய கருதுகோளை முன்பே வைத்திருந்ததாகக் காட்டி எழுதும் பழக்கத்தை 1998இல் விரிவாகக் கண்டித்தார். திருத்தும்போது மொழியை மாற்றலாம், வரிசையை மாற்றலாம், பின்புலத்தைக் குறைக்கலாம், கருதுகோளை மாற்றக்கூடாது. அது தோற்றிருந்தால், தோற்ற வடிவிலேயே அறிமுகத்தில் நிற்க வேண்டும். ஆய்வின் நடுவே வினாவே மாறிவிட்டதென்றால், எப்போது, எதனால் மாறியது என்று ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுதுங்கள். முதலில் எழுதிய அந்த நான்கைந்து பக்கங்களை நாளிட்டுத் தனிக்கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவு எடுத்துப் படிக்க அது உதவும்.