ஹட்டன் டவுனில் ஒரு ரேடியோ கடை இருந்தது

"உங்கள் ஊரில் மூடிப்போன கடைகளில் எதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் இருந்த ரேடியோ பாஸ் கடைதான். 2023இல் மூடினார்கள். பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருந்தது, ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கம் மேசன், தச்சன் என்று கைவேலை தெரிந்த எல்லாரும் பாஸ்தான். இவர் ரேடியோ பாஸ்.

முன்னால் இரண்டு பேர் நிற்க இடம், பின்னால் ஒரு மேசை, அவ்வளவுதான் கடை. சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால், டிசம்பர் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து மே வரைக்கும், வாசலில் டோர்ச் லைட்டுகள் மாலை மாதிரி தொங்கும். ரயிலிலிருந்து இறங்குகிற யாத்திரைச் சனம் மஸ்கெலியா பஸ் ஏறுமுன் அங்கே நின்று பெட்டரி வாங்கும். அந்த வருமானத்தில்தான் மற்ற மாதங்கள் ஓடின என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் தோட்டம் டிக்கோயா பக்கம். தொண்ணூறுகளில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வந்திருக்கவில்லை. கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி வீட்டு அறையில், ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது, 12 வோல்ட் கார் பெட்டரியில் ஓடுவது. சார்ஜ் இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். அப்புறம் பெட்டரியைச் சாக்கில் கட்டி, கம்பில் கோத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவோம். அசிட் பட்டு என் காற்சட்டை பல இடத்தில் ஓட்டை.

பாஸ் பெட்டரிகளை வரிசையாகக் கோத்துச் சார்ஜுக்குப் போடுவார். ஒவ்வொன்றின் மேலும் தோட்டம், டிவிஷன், லய நம்பர் என்று சோக்கால் எழுதியிருக்கும். எடுக்கப் போனால் உடனே தர மாட்டார். கண்ணாடிக் குழாயால் அசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற அளவுகோலை எங்களுக்கும் காட்டுவார். அசிட்டின் அடர்த்தி 1.26 வந்தால்தான் பெட்டரி கைக்கு வரும். "பீலித் தண்ணி ஊத்தாதீங்க தம்பி, தகடு செத்துப்போகும். டிஸ்டில்ட் வாட்டர் வாங்க காசில்லன்னா என்கிட்ட கேளுங்க" என்பார்.

1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதி ஆட்டம். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே கடைவாசலில் பெட்டரிகள் ரோடு வரைக்கும் நின்றன. இரண்டு ராத்திரி பாஸ் வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிறு காலையில் எங்கள் பெட்டரியைத் தந்தபோது அவர் கண் கொவ்வைப்பழமாகச் சிவந்திருந்தது. அன்றைக்கு அந்த ஒரு காம்பராவில் எங்கள் லயம் முழுக்க உட்கார்ந்திருந்தது. அரவிந்த டி சில்வா 107 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இலங்கை ஜெயித்த நேரத்திலும் படம் ஒரு விரல் அளவுகூடச் சுருங்கவில்லை. எனக்கு அந்த உலகக் கிண்ணத்தில் பாஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கடை எனக்கு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் வேறு. அப்பா ஒருமுறை தன் ரேடியோவை டவுனில் இன்னொரு கடைக்குக் கொண்டுபோனார். அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, வேலையை விட்டுவிட்டு, கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலில் சேறு. வாசலிலேயே நிற்கச் சொல்லி, ரேடியோவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "இது சரிவராது, புதுசு வாங்குங்க" என்றார்கள். பக்கத்தில் நான் நின்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் அதைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

அங்கிருந்து பாஸ் கடைக்குப் போனோம். அவர் "உள்ள வாங்கண்ணே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். ரேடியோவின் முதுகை எங்கள் பக்கம் திருப்பி வைத்துத்தான் கழற்றினார். அது அவர் பழக்கம். யாருடைய சாமானையும் மறைத்து வைத்துத் திறக்க மாட்டார். உள்ளே அடுப்புக் கரி அப்பிக் கிடந்தது. பிரஷால் தட்டினார். சத்தம் கரகரப்பதற்குக் காரணம் வொலியூம் கொன்ட்ரோல், மூடுபனி ஈரத்தில் அதன் கரித் தடம் அழுக்குப் பிடித்துவிடும் என்று காட்டினார். இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, குமிழை இப்படியும் அப்படியும் இருபது தடவை திருப்பச் சொல்லி என் கையில் கொடுத்தார். கரகரப்பு நின்றது.

பள்ளத்து லயத்தில் ஸ்டேஷன் ஒழுங்காக எடுப்பதில்லை என்று அப்பா சொன்னார். உள்ளே கம்பி சுற்றிய கறுப்புக் கட்டை ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதுதான் ஏரியல் அண்ணே. இதோட நுனி ஸ்டேஷன் பக்கம் பார்த்தா எடுக்காது, விலா பார்க்கணும். ரேடியோவையே திருப்பிப் பாருங்க" என்றார். அன்று ராத்திரி அப்பா ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான இடம் கிடைத்ததும் தட்டில் சோக்கால் கோடு போட்டார். அதற்கப்புறம் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை எங்கள் காம்பராவில் தெளிவாகக் கேட்டது.

பள்ளிக்கூட விடுமுறைகளில் நான் அந்த மேசைப் பக்கமே கிடந்தேன். ரெசிஸ்டரின் நிறக் கணக்கை அங்கேதான் படித்தேன். கபிலம், கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4,700. ஈயம் வைக்கும்போது எழும் ரோசின் புகை வாசம் இன்னும் எனக்கு அந்தக் கடைதான். இப்போது கொழும்பில் பிரிட்ஜ், ஏசி போர்டுகள் திருத்துகிறேன். நானும் வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துத்தான் கழற்றுவேன்.

லயங்களுக்குக் கரண்ட் வந்து பெட்டரி வேலை நின்றது. போன் வந்து ரேடியோ குறைந்தது. அதையெல்லாம் அவர் சமாளித்தார். 2022தான் முறித்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் அடிபட்ட டிவிகள் கடையில் குவிந்தன, உள்ளே போடச் சாமான் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அந்த விலையைத் தோட்டத்து ஆளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மூடுவதற்கு முந்திய வாரம் போயிருந்தேன். யாரும் எடுத்துப் போகாத ரேடியோக்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. எல்லாவற்றையும் திருத்தி முடித்து, துடைத்து, சீட்டுக் கட்டி வைத்திருந்தார். எங்கள் தோட்டத்துச் சீட்டு மூன்று இருந்தது. "காசு கேட்காத தம்பி, சேர்த்துடு போதும்" என்றார்.

இரண்டு வீட்டில் ஆள் இருந்தார்கள். மூன்றாவது, கீழ் டிவிஷன் தாத்தா ஒருவருடையது. அவர் தவறி நாலு வருஷம். அவர் மகள் ரேடியோவை வாங்கி, போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் எடுக்கவில்லை. நான் அதை மெல்லத் திருப்பினேன். பாட்டு வந்தது. அந்தம்மா எழுந்துபோய் ஒரு சோக்குத் துண்டு தேடினார்.