அரசியல் முடிவுகளைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டால் மக்கள் ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஸ்பெயினில் உள்ள ஐ.இ. பல்கலைக்கழகம் 2021இல் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. எம்.பி.க்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்த இடங்களை ஓர் அல்காரிதத்திடம், அதாவது தரவை வைத்துத் தானாக முடிவெடுக்கும் கணினி நிரலிடம், கொடுக்கலாமா என்று கேட்டார்கள். ஐரோப்பியர்களில் 51% பேர் சரி என்றார்கள். ஸ்பெயினில் மட்டும் 66%, சீனாவில் 75%. பிரிட்டனும் அமெரிக்காவும் நேர் எதிர். அங்கே பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள்.

வியாசர்பாடியில் எங்கள் தெரு டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "மெஷின் கமிஷன் கேக்காதுல்ல, வுடுங்க" என்றுதான் முதலில் வரும். இயந்திரத்தின் மேல் உள்ள நம்பிக்கை என்பதைவிட, ஆள்பவர்கள் மேல் உள்ள கசப்பு என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அல்பேனியப் பிரதமர் எடி ராமா 2025 செப்டம்பரில் 'டியெல்லா' என்ற மென்பொருளை அமைச்சர் என்று அறிவித்து, அரசு டெண்டர்களை அதனிடம் ஒப்படைக்கப்போவதாகச் சொன்னதும் ஊழலைக் காரணம் காட்டித்தான்.

அந்தக் கசப்பு எனக்கும் உண்டு. இருந்தாலும் நான் கூடாது என்கிற பக்கம்.

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீட்டு வேலை செய்து, பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை மழுங்கிப்போன ஓர் ஆயா. கட்டைவிரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், ரேகை விழவே இல்லை. கடைக்காரர் அவரை இருபது வருஷமாகப் பார்க்கிறவர். "இரு ஆயா, ஓரமா உக்காரு, நான் வாங்கித் தரேன்" என்கிறார். அரிசி கிடைத்துவிடுகிறது. அந்தக் கடையில் மனிதரே இல்லை, மெஷின் சொன்னதே முடிவு என்றால் ஆயா யாரிடம் போய் நிற்பார்?

பக்கத்திலேயே நடந்திருக்கிறது. தெலங்கானாவில் 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைகள் ரத்தாயின. தகுதியில்லாதவர்களைக் கண்டுபிடிக்க, பல துறைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' மென்பொருளும் பயன்பட்டது. ரிக்‌ஷாக்காரர் ஒருவரைப் பெயர் ஒற்றுமையால் கார் வைத்திருப்பவர் என்று அது கணக்கில் எடுத்துக்கொண்டது. வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டியிருந்தது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில் ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் மோசடிக்காரர்களாக முத்திரை குத்தப்பட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை இருந்தால் சந்தேகப் புள்ளி கூடும்படி அங்கே அல்காரிதம் அமைந்திருந்தது. அதற்காக 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ரூட்டேயின் அரசு ராஜினாமா செய்தது. பொறுப்பேற்றுப் பதவி விலக அங்கே ஓர் அரசாவது இருந்தது. மென்பொருளே அமைச்சர் என்றால் ராஜினாமாவை யாரிடம் கேட்பது?

அதற்காகக் கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 அன்று, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். எவ்வளவு மழை வரும், எத்தனை மணிக்கு அடையாற்றில் எவ்வளவு உயரும் என்பதைக் கணினி முன்கூட்டியே கணிக்கட்டும், அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் எப்போது ஷட்டரைத் தூக்குவது, சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் ஆற்றோரம் இருப்பவர்களை எந்த நேரத்தில் கிளப்புவது என்பது வேறு சங்கதி. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். சட்டமன்றத்தில் கேட்டால் அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கவும் நமக்கு வழி வேண்டும்.

தமிழ்நாடு 2020லேயே செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. கொள்கையாக நில்லாமல் சட்டமாகவே வர வேண்டும் என்று நான் விரும்புவது இதுதான்: எந்த மென்பொருள் யாருடைய மனுவைத் தள்ளினாலும், காரணம் தமிழில் எழுத்தில் வர வேண்டும், அதை மாற்றும் அதிகாரமுள்ள அலுவலரின் பெயரும், அவர் உட்காரும் அலுவலக முகவரியும் அதே தாளில் இருக்க வேண்டும்.