போர்டில் பெயர் எழுதுவதை நிறுத்து!

கேள்வி: அக்கா, நான் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். இந்த வருடம் மருதம் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். பேட்ஜ் குத்தியதோடு சரி, யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. டியூஷன் இருக்கு, பஸ் போயிடும் என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் அதே நான்கு பேர்தான் வருகிறோம். நம்ம பள்ளி என்ற எண்ணம் எல்லோருக்கும் வர என்ன செய்யலாம்?
– மாணவி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். டீச்சர் வராத பீரியடில் போர்டில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதுகிறாயா? எழுதினால் இன்றோடு நிறுத்து. நானும் எட்டாம் வகுப்பு லீடராக இருந்து எழுதியவள்தான். பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்டூ, மறுபடி பேசினால் இன்னொரு இன்டூ, இப்படியே ஒரு நாள் தினமும் என்னோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடுகிறவளுக்கே மூன்று இன்டூ போட்டுவிட்டேன். அவள் முட்டி போட்டாள். அந்த வருடம் முழுக்க என் பக்கத்தில் உட்காரவே இல்லை. லீடர் என்றால் டீச்சரின் உளவாளி என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் போகிற வரைக்கும் நீ பிரேயரில் மைக் பிடித்து என்ன பேசினாலும் காதில் ஏறாது.

சரி, உன் குழுவுக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் 2024-ல் 'மகிழ் முற்றம்' என்று தொடங்கி, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுவாகப் பிரித்தார்கள் இல்லையா, அதில் எனக்குப் பிடித்ததே ஆறாம் வகுப்புப் பாப்பாவும் பிளஸ் டூ அக்காவும் ஒரே குழுவில் இருக்கலாம் என்பதுதான். ஆனால் அத்தனை பேருக்கும் நீ ஒருத்தி தலைவி என்றால் கத்திக் கத்தித் தொண்டைதான் போகும். சாரணியர் இயக்கத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேருக்கு ஓர் அணி, அதற்கு ஒரு தலைவி. (அந்த இயக்கம் பிறந்த கதையே சுவையானது. 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆண் பிள்ளைகளின் சாரணர் அணிவகுப்பு நடந்தபோது, கூப்பிடாமலேயே சில பெண் பிள்ளைகள் போய் நின்று எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். மறு வருடமே பெண்களுக்குத் தனி இயக்கம் வந்துவிட்டது.) நீயும் அப்படிச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிடு. இன்னொன்று, பஸ் போயிடும் என்பது சாக்கு இல்லை. மாலையில் கூப்பிடாதே, மதியம் சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் போதும்.

என்ன வேலை என்கிறாயா? 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் வருகிறதே, அது எந்த பீரோவில் இருக்கிறது, சாவி யாரிடம்? நான் போன ஒரு பள்ளியில் சாவி ஸ்டாஃப் ரூமில் இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே சார்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு, யூனிஃபார்ம் துப்பட்டாவைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போனாள். ஹெச்.எம்.மிடம் பேசி அந்தச் சாவியை உன் அணிப் பெண்கள் இரண்டு பேரிடம் வாங்கிக் கொடு. மருதம் குழு என்றால் என்ன என்று அந்த ஏழாம் வகுப்புக்கு நீ விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி: என் மகளை ஸ்கூல் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, கரூர்

பதில்: பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ என்றால் ஒரு துணைத் தலைவியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மற்றபடி பயப்படாதீர்கள்.

கேள்வி: பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளியில் தலைமைப் பண்பு அதிகம் வளரும் என்பது உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: இருபாலர் பள்ளியில் பெஞ்ச் தூக்கவும் ஸ்பீக்கர் கட்டவும் 'பசங்களைக் கூப்பிடு' என்பார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கோலம். மகளிர் பள்ளியில் கூப்பிடப் பசங்களே கிடையாது, பெஞ்சைத் தூக்குவதும் கொடிக்கயிற்றில் முடிச்சுப் போடுவதும் இவர்கள்தான். அந்த வகையில் உண்மை. ஆனால் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தால் சந்தனத் தட்டோடு வாசலில் நிறுத்த அங்கேயும் 'கொஞ்சம் சிவப்பா இருக்கிற பிள்ளையா' பார்த்துத்தான் பொறுக்குகிறார்கள்.