கெடிலம் உடையாத டெர்மினல்

வணக்கம் ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். சென்னை கம்பெனி ஒன்றின் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்ளும் வேலை. கையில் இருப்பது பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த அதே லேப்டாப். ரேம் மட்டும் கூட்டிப் போட்டு, லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனுடன் வந்த டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில், இரண்டு குறைகள். லாக் (சர்வர் எழுதிக்கொண்டே போகும் பதிவு) ஓடும்போது மேலே போய்ப் பார்த்தால் பழைய வரிகள் இருப்பதில்லை. அப்புறம், நம் மாவட்டத்து ஆறுகளைப் பற்றிச் சேர்த்துவரும் குறிப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலை எடுத்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. உடன் வேலை செய்பவர்கள் அலாக்ரிட்டி, கிட்டி, கோஸ்ட்டி என்று ஆளுக்கொரு டெர்மினலின் பெயர் சொல்கிறார்கள். கிட்டியைப் போட்டுப் பார்த்தேன். சர்வருக்குள் போனதும் நானோ எடிட்டர் திறக்க மறுக்கிறது. நீங்களும் லினக்ஸில்தான் எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். எதற்கு மாறலாம்?

தங்கள் வாசகன்,
மஞ்சக்குப்பம்

*

அன்புள்ள தம்பிக்கு,

என் கதைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கடிதம். பரவாயில்லை, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபம்.

முதல் குறைக்கு டெர்மினலை மாற்றவே வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ டெர்மினல் ஆயிரம் வரிகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும், அதற்குமேல் வருவதெல்லாம் பழையதைத் தள்ளிவிடும். எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ் போய், ஸ்க்ரோல்பேக் என்ற இடத்தில் ஒரு லட்சம் என்று போட்டுவிடுங்கள். வரம்பே வேண்டாம் என்றும் சொல்லலாம், ஆனால் நாள் முழுக்க லாக் ஓடினால் அது டிஸ்கைத் தின்னும். ஒரு நிமிட வேலை. வருஷக்கணக்காக இந்தக் குறையோடு நீங்கள் குடித்தனம் நடத்தியிருப்பீர்கள் என்று நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

நண்பர்கள் சொல்லும் மூன்றுக்கும் பொதுவான பெருமை வேகம். எழுத்தை வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுத்துவிடுகிறார்கள். உண்மைதான், பத்து லட்சம் வரிகளைச் சடசடவென்று கொட்டும். ஆனால் அந்த வேகத்தில் படிக்கிற கண் யாருக்கு இருக்கிறது? அதிலும் உங்கள் வேலை தூரத்துச் சர்வரில். உங்கள் வீட்டு இணைய இணைப்பு தருகிற வேகத்துக்கு மேல் எந்த டெர்மினலும் ஓடாது. இன்னொன்று, பழைய லேப்டாப்பில் சிப்போ அதன் டிரைவரோ ஒத்துழைக்காவிட்டால் வரைகிற வேலை மொத்தமும் பிராசஸர் தலையில் விழும். வேகத்துக்காக வாங்கிய காளையே, இழுக்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி.

நானோ விஷயம் எனக்கும் நடந்தது. ஒவ்வொரு டெர்மினலும் சர்வரிடம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே போகும். கிட்டி தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பழைய சர்வரின் பட்டியலில் அப்படியொரு பெயரே இருக்காது. யார் நீ என்று கதவைச் சாத்திவிடும். கிட்டிக்குள்ளேயே எஸ்எஸ்எச்சுக்கென்று, அதாவது தூரத்துச் சர்வருக்குள் நுழையும் வழிக்கென்று, ஒரு துணைக்கருவி வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகப் போனால் அறிமுகச் சீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். அல்லது இந்தப் பெயரை வைத்திருக்கும் டெர்ம் என்ற மாறியில் எல்லோருக்கும் தெரிந்த எக்ஸ்டெர்ம்-256கலர் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு போங்கள். அலாக்ரிட்டிக்கும் கோஸ்ட்டிக்கும் இதே கதைதான். கிட்டியை எழுதிய கோவித் கோயல்தான் மின்னூல்களுக்கான காலிபரையும் எழுதியவர். என் புத்தகங்களை நான் மின்னூலாக்குவது காலிபரில். அந்த நன்றிக்காகவே கிட்டியை ஆறு மாதம் வைத்திருந்தேன்.

இனி தமிழ். கடிதத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

டெர்மினல் எமுலேட்டர் என்பது பழைய இயந்திரம் ஒன்றைப் போல வேஷம் கட்டுகிற நிரல். 1978இல் டெக் கம்பெனி விடி100 என்று ஒரு டெர்மினல் கொண்டுவந்தது. வரிக்கு 80 கட்டம், 24 வரி, கட்டத்துக்கு ஓர் எழுத்து. இன்றைய டெர்மினல்களும் அடியில் அந்தக் கட்டம் போட்ட நோட்டைத்தான் வைத்திருக்கின்றன. ஆங்கில எழுத்து அதில் பெட்டிக்குள் பெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். நம்முடைய 'ண' அகலம், 'ர' ஒல்லி. அதைவிடத் தொல்லை கொம்பு. கணினி 'கெ'வைச் சேமிக்கும்போது முதலில் க, அப்புறம்தான் ஒற்றைக் கொம்பு. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் பின்னால் ஒரு காலும் வேண்டும். இப்படிக் கோத்து அடுக்குவது தனி வேலை. கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போகிற நிரல் அதைச் சரியாகச் செய்யாவிட்டால், கொம்பு இடம் மாறும் அல்லது பக்கத்து எழுத்தின் மேல் ஏறும்.

உங்கள் ஆறுகளைப் பாருங்கள். கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம். நான்கிலும் கொம்பு! டெர்மினலைச் சோதிக்க இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். உடைவது திரையில்தான், கோப்பின் பெயரில் இல்லை. அந்த வரியை காப்பி செய்து எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள், கெடிலம் முழுசாக இருக்கும்.

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். அலாக்ரிட்டியை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வேலையே அதில் கிடையாது. க்னோம் டெர்மினல், டெர்மினேட்டர், டிலிக்ஸ், டிக்சிஸ் என்று மாறிப் பார்த்தும் பயனில்லை. அவை எல்லாவற்றுக்கும், உங்கள் எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலுக்கும், உள்ளே இருப்பது விடிஇ என்ற ஒரே இயந்திரம். சட்டைதான் வேறு, ஆள் ஒருவரே. ஆகவே அந்தக் குடும்பத்துக்கு வெளியே போக வேண்டும். முதலில் கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் டெர்மினலான கன்சோல். அதற்குச் சொந்த இயந்திரம். எக்ஸ்எஃப்சிஇ-யிலும் தாராளமாக ஓடும், கூடவே கேடிஇ நூலகங்கள் கொஞ்சம் வந்து இறங்கும். அடுத்து எம்எல்டெர்ம். பல மொழிகளைக் காட்டுவதற்காகவே எழுதப்பட்டது, இந்திய எழுத்துகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. முகம் பழசாக இருக்கும், அமைப்புகளைப் பெரும்பாலும் ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டியிருக்கும், ஆனால் ரேம் அதிகம் கேட்காது. இரண்டிலும் நான்கு ஆறுகளையும் ஓடவிட்டுப் பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு, எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும் விஷயம் இது. என் திரையில் வந்ததுதான் உங்கள் திரையிலும் வரும் என்று சொல்லமாட்டேன்.

டேப், திரையைப் பிரிப்பது இதெல்லாம் எதில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். டெர்மினலில் தேடாதீர்கள், சர்வரில் டிமக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். திரையைப் பிரித்துத் தருவதோடு, இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவைத்துக்கொண்டிருக்கும் நிரல் அது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையேறிய இரவு. இங்கே முத்தியால்பேட்டையில் கரண்ட் போனது, பின்னாலேயே இணையமும் போனது. என் இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றும் வேலை டிமக்ஸுக்குள் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை ஆரம்பித்தது முட்டாள்தனம் என்று வீட்டில் சொன்னார்கள், சரிதான். இணைப்பு திரும்பியதும் உள்ளே போய் டிமக்ஸை எழுப்பினால், வேலை முடிந்து ஆள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து எந்த டெர்மினல் என்பதில் எனக்குப் பாதி அக்கறை போய்விட்டது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய டெர்மினலை நீக்கிவிடாதீர்கள். செட்டிங்ஸில் டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ் பகுதியில் புதியதைக் காட்டிக்கொடுத்தால் போதும், ஃபைல் மேனேஜரில் 'இங்கே டெர்மினலைத் திற' என்று சொன்னாலும் அதுதான் திறக்கும். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

கன்சோலில் கொள்ளிடம் எப்படி வந்தது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். ஆறுகளைப் பற்றிய அந்தக் குறிப்புகளையும் கூடவே அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
புதுச்சேரி