தன்னார்வக் குழுவின் கூட்டத்துக்கு ஆட்கள் ஆர்வமாக வர என்ன செய்யலாம்?

உங்கள் ரத்ததானக் குழுவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பறவை நோக்கர் குழுவின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் யாரும் கலந்துகொள்ளலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பறவைகளைக் கவனித்து, எண்ணி, ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலை ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் நாங்கள் ஒரு கூட்டம் போடுவோம்.

தகவல் சொல்வதற்காகக் கூட்டம் கூட்டாதீர்கள். தேதி, வரவு செலவு, போன மாத வேலை எல்லாம் வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவருக்கு அங்கே செய்ய ஒரு வேலை வேண்டும். அவர் வந்ததால் முடிவான விஷயம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

அதனால் நாங்கள் ஏரிக்கரையில்தான் கூடுகிறோம், விடிந்ததும். முதல் 15 நிமிடம் பேச்சே கிடையாது. புதியவர் ஒருவர், பழையவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராகப் பிரிந்து எண்ணுவோம். எண்ணுவது புதியவர், பழையவர் கூட நிற்பார், அவ்வளவுதான். அப்புறம் பட்டியல்களை ஒப்பிட்டால் ஒரே ஏரிக்கு ஆளுக்கொரு கணக்கு வரும். வெள்ளையாக இருந்ததையெல்லாம் ஒருவர் 'கொக்கு' என்று எழுதியிருப்பார். அலகு கருப்பு, பாதம் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகே மஞ்சளாக இருந்து கழுத்தும் குட்டையாக இருந்தால் உண்ணிக்கொக்கு. உடனே எல்லோரும் இருநோக்கியை (பைனாகுலரை) தூக்கிக்கொண்டு மறுபடி பார்க்க ஓடுவார்கள். கலகலப்புக்காகத் தனியாக விளையாட்டு வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வேலையிலேயே அது இருக்கிறது.

பிறகு யாருக்கு எந்த ஏரி என்று பிரிப்போம். இங்கேதான் கவனம் தேவை. அனுபவசாலிகள் முதலில் பேசினால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அதனால் புதியவர்களிடம்தான் முதலில் கேட்போம். "ஏதாவது கருத்து இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் வராது. "உங்கள் வீட்டுப் பக்கம் எந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது?" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தக் குளத்தை வரைபடத்தில் குறித்து, பொறுப்பேற்பவரே தன் பெயரை எழுத வேண்டும். யாரும் எடுக்காத ஏரியை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. கட்டினால் அன்றைக்குத் தலையாட்டுவார், கணக்கெடுப்பு நாளில் போனை எடுக்க மாட்டார்.

சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள். அரட்டை டீக்கடையில் தொடரட்டும்.

இனி உங்கள் ரத்ததானக் குழுவுக்கு வருவோம். அடுத்த கூட்டத்தில் கொடையாளர் பட்டியலை அச்செடுத்து வந்து ஆளுக்குப் பத்துப் பெயரைக் கொடுங்கள். அங்கேயே கூப்பிட்டு, எண் சரிதானா, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று குறிக்கட்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பதால் அந்தத் தேதி முக்கியம். கலையும்போது இப்போது யாரைக் கூப்பிடலாம் என்ற பட்டியல் கையில் இருக்கும்.